ஏசியன் கேம்ஸ்: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏசியன் கேம்ஸ் நடக்கும் வருடங்களில், பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் பிள்ளைகளைப் பயிற்சிக்கு விட்டுவிட்டுக் காத்திருக்கும் பெற்றோரும், பள்ளி வினாடி வினாவுக்குத் தயாராகும் மாணவர்களும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். பதக்கக் கணக்கு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். இந்தப் போட்டி யாரை உள்ளே சேர்த்தது, யாரை வாசலிலேயே நிறுத்தியது என்பதைத்தான் இங்கே அதிகம் பார்க்கப்போகிறோம். ஆசிய விளையாட்டின் வரலாற்றில் பெரும்பகுதி அதுதான் என்பது என் எண்ணம்.

ஏசியன் கேம்ஸ் என்றால் என்ன? யார் நடத்துகிறார்கள்?

ஆசிய நாடுகளுக்காக நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் பல்விளையாட்டுப் போட்டி. ஆசிய ஒலிம்பிக் கவுன்சில் நடத்துகிறது, தலைமையகம் குவைத்தில். உறுப்பு நாடுகள் 45. நம் ஊரில் 'ஏசியாட்' என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான்.

முதல் போட்டி எப்போது, எங்கே நடந்தது?

1951 மார்ச் 4 முதல் 11 வரை, டெல்லியில். 11 நாடுகள் கலந்துகொண்டன. 1950லேயே நடத்துவதாகத் திட்டம், ஏற்பாடுகள் முடியாமல் ஒரு வருடம் தள்ளிப்போனது.

அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1913ல் மணிலாவில் 'தூரக் கிழக்குப் போட்டிகள்' தொடங்கின. பிலிப்பைன்ஸ், சீனா, ஜப்பான் மூன்றும்தான் அதில் முக்கிய நாடுகள். 1934 வரை நடந்தது. ஜப்பான் கைப்பற்றி உருவாக்கிய மஞ்சுகுவோவைத் தனி நாடாகச் சேர்ப்பதா இல்லையா என்ற சண்டையில் சீனா விலக, போட்டியே நின்றுபோனது. அதே 1934ல் டெல்லியிலும் பட்டியாலாவிலும் 'மேற்காசியப் போட்டிகள்' என்று ஒன்று நடந்தது. இந்தியா, ஆப்கானிஸ்தான், சிலோன், பாலஸ்தீனம் என்று நான்கே நாடுகள். அது அந்த ஒரு தடவையோடு சரி.

போர் முடிந்து, ஆசிய நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றுக்கொண்டிருந்த நேரத்தில் இந்த யோசனையை மறுபடி கையில் எடுத்தவர் பஞ்சாபைச் சேர்ந்த குரு தத் சோந்தி. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ் சமயத்தில் மற்ற ஆசிய நாடுகளின் பிரதிநிதிகளோடு பேசி, 1949 பிப்ரவரியில் டெல்லியில் ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பு உருவாக வழி செய்தார். 'என்றும் முன்னோக்கி' என்ற பொருளில் இன்றைக்கும் இருக்கும் குறிக்கோள் வாசகம் அவர் தந்ததுதான். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 1962 பற்றிய கேள்வியில் மறுபடியும் வருவார்.

முதல் போட்டியில் இந்தியா எப்படி ஆடியது?

15 தங்கத்தோடு இரண்டாம் இடம். ஜப்பானுக்கு 24. நீச்சலில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் வங்காளத்தின் சச்சின் நாக் ஜெயித்ததுதான் இந்தியாவின் முதல் ஏசியன் கேம்ஸ் தங்கம். கால்பந்து இறுதியில் ஈரானை 1-0 என்று வென்றோம், கோல் அடித்தவர் மேவாலால்.

எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது ஜப்பான் வந்ததுதான். போரில் தோற்ற நாடு என்று 1948 லண்டன் ஒலிம்பிக்ஸுக்கு ஜப்பானை அழைக்கவில்லை. மூன்று வருடம் கழித்து, அந்தப் போரின் காயம் ஆறாத ஆசிய நாடுகள் கூடிய மைதானத்தில் ஜப்பானியர்களை டெல்லி வரவேற்றது. அதே சமயம் பக்கத்து நாடான பாகிஸ்தான் வரவில்லை. 1954ல் மணிலாவில்தான் முதல்முறை கலந்துகொண்டது.

1962 ஜகார்த்தாவில் என்ன தகராறு?

போட்டியை நடத்திய இந்தோனேசியா, தைவானுக்கும் இஸ்ரேலுக்கும் விசா தரவில்லை. அதிபர் சுகர்ணோவின் அரசு ஒருபக்கம் சீனாவோடும் மறுபக்கம் அரபு நாடுகளோடும் நெருக்கமாக இருந்தது, காரணம் அதுதான்.

சோந்தி இதை எதிர்த்தார். உறுப்பு நாடுகளை வாசலில் நிறுத்திவிட்டு நடத்துவதற்கு ஏசியன் கேம்ஸ் என்று பெயர் வைக்கக்கூடாது என்பது அவர் வாதம். ஜகார்த்தாவில் கொந்தளிப்பு. கூட்டம் இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது. இந்தப் போட்டியைத் தொடங்கியவரே அவசரமாக ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று.

அந்தச் சூழலில்தான், செப்டம்பர் 4ஆம் தேதி, இந்தியா தென்கொரியாவோடு கால்பந்து இறுதியாட்டம் ஆடியது. சுமார் ஒரு லட்சம் பேர் அரங்கில், பெரும்பாலானோர் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டபடி. டிஃபன்ஸில் ஆட வேண்டிய ஜர்னைல் சிங்குக்கு முந்தைய ஆட்டம் ஒன்றில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் அவரை உட்கார வைக்காமல் முன்வரிசைக்குக் கொண்டுபோனார். பி.கே. பானர்ஜி ஒரு கோல், தையல் போட்ட தலையோடு ஜர்னைல் சிங் ஒரு கோல். 2-1, தங்கம். கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ், வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் அணியில் ஆடி வளர்ந்தவர். அத்தனை பேரின் எதிர்ப்புக்கு நடுவில் இந்தியாவுக்காகக் கைதட்டியவர்கள், ஹாக்கித் தங்கத்தை நம்மிடமிருந்து தட்டிக்கொண்டுபோன பாகிஸ்தான் அணியினர் என்று அந்த இந்திய வீரர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். இந்திய ஆண்கள் கால்பந்து அணி அதற்குப் பிறகு ஏசியன் கேம்ஸில் தங்கம் வாங்கவே இல்லை.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்தோனேசியாவை இடைநீக்கம் செய்தது. பதிலுக்கு சுகர்ணோ 1963ல் 'கனெஃபோ' என்ற பெயரில் ஒரு போட்டி விளையாட்டு விழாவையே நடத்தினார். அது நீடிக்கவில்லை.

என் பார்வையில் சோந்தி செய்தது சரி. இந்திய வீரர்கள் அங்கே இருக்கும்போது இப்படிப் பேசலாமா என்று அன்றைக்கே கேட்டவர்கள் உண்டு. அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனாலும் போட்டியைத் தொடங்கியவர் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால், அடுத்து நடத்தும் ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடிக்காதவரை வெளியே நிறுத்தியிருக்கும்.

பாங்காக்கில் மட்டும் ஏன் நான்கு தடவை?

1966, 1970, 1978, 1998. இதில் இரண்டு தடவை அடுத்தவருக்காகத் தாங்கிப் பிடித்தது. 1970ஐ நடத்துவதாக இருந்த தென்கொரியா பின்வாங்கியது, 1978ல் பாகிஸ்தான் கைவிரித்தது. இரண்டு முறையும் பாங்காக்தான் கைகொடுத்தது.

இஸ்ரேல் ஆசியாவில்தானே இருக்கிறது? ஏன் ஆடுவதில்லை?

ஆடிக்கொண்டுதான் இருந்தது. கடைசியாக ஆடியது 1974, டெஹ்ரானில். கம்யூனிஸ்ட் சீனா முதன்முதலாகக் கலந்துகொண்டதும் அதே போட்டியில்தான். அரபு நாடுகளும் வேறு சில நாடுகளும் இஸ்ரேலோடு மோத மறுத்தன. இருந்தும் கால்பந்து இறுதிவரை வந்த இஸ்ரேல், ஈரானிடம் 1-0 என்று தோற்றது. 1978ல் அவர்களைச் சேர்க்கவில்லை. 1982ல் பழைய கூட்டமைப்பைக் கலைத்து ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலை உருவாக்கியபோது இஸ்ரேல் அதில் இல்லை. இப்போது ஐரோப்பிய நாடுகளோடு ஆடுகிறது.

அந்தக் கவுன்சிலின் முதல் தலைவரான குவைத்தின் ஷேக் ஃபஹத், 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்த அன்றே கொல்லப்பட்டார். அடுத்த மாதம் பெய்ஜிங் போட்டியில் ஈராக்குக்கு இடமில்லை.

1982 டெல்லி ஏசியாட் பற்றிப் பெரியவர்கள் ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

கலர் டிவி. அந்த ஆண்டுதான் தூர்தர்ஷன் வண்ண ஒளிபரப்புக்கு மாறியது. டிவி இருந்த வீட்டில் தெருவே உட்கார்ந்து பார்த்த காலம். அப்பு என்ற குட்டி யானைச் சின்னமும் அப்போது வந்ததுதான். ஹாக்கி இறுதியில் பாகிஸ்தானிடம் 7-1 என்று தோற்றதை அன்றைக்குப் பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. ஆனால் அதே போட்டியில் பெண்கள் ஹாக்கியில் இந்தியா தங்கம் வாங்கியது என்று சொன்னால் பலரும் ஆச்சரியப்படுகிறார்கள்.

1951 முதல் 1978 வரை பட்டியலில் முதலிடம் எப்போதும் ஜப்பானுக்குத்தான். 1982ல் சீனா முந்தியது, இன்றுவரை இறங்கவில்லை.

சென்னையில் ஏசியன் கேம்ஸ் நடந்திருக்கிறதா?

இல்லை. இந்தியாவில் இரண்டு முறை, இரண்டும் டெல்லியில்தான். "நேரு ஸ்டேடியத்தில் பெரிய திறப்பு விழா எல்லாம் நடந்ததே" என்று சிலர் உறுதியாகச் சொல்வார்கள். அவர்கள் நினைப்பது 1995 டிசம்பரில் இங்கே நடந்த தெற்காசியக் கூட்டமைப்பு விளையாட்டுப் போட்டியை, அதாவது சாஃப் கேம்ஸை. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, வங்கதேசம், நேபாளம், பூட்டான், மாலத்தீவு என்று ஏழு நாடுகளுக்கான போட்டி அது. 1984ல் காத்மாண்டுவில் தொடங்கியது, இப்போது தெற்காசிய விளையாட்டுகள் என்று பெயர். வேளச்சேரி நீச்சல் குள வளாகம் அந்தப் போட்டிக்காகக் கட்டியது. உங்கள் பிள்ளை அங்கே நீச்சல் பழகினால், அந்த 1995 டிசம்பரின் பலனைத்தான் அனுபவிக்கிறது.

கபடி எப்போது சேர்ந்தது? தங்கம் எப்போதும் நமக்குத்தானா?

1982 டெல்லியில் காட்சி ஆட்டமாக வந்து, 1990 பெய்ஜிங்கில் பதக்க ஆட்டமாகச் சேர்ந்தது. அந்தப் போட்டி முழுவதிலும் இந்தியாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தங்கம், கபடியில். 2010ல் பெண்கள் கபடியும் வந்தது.

எப்போதும் நமக்குத்தான் என்ற காலம் 2018ல் முடிந்தது. ஜகார்த்தாவில் ஆண்கள் அரையிறுதியில் ஈரானிடம் தோற்றார்கள். பெண்கள் இறுதியில் அதே ஈரானிடம் 27-24 என்று தோற்றார்கள். ஈரான் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் இந்தியாவின் ஷைலஜா ஜெயின். அன்றைக்கு இங்கே பலருக்கு மனவருத்தம். எனக்கு அதில் வருத்தமில்லை. நாம் மட்டுமே ஜெயிக்கும் ஆட்டத்தை எந்த நாடும் மதிக்காது. ஈரான் வளர்ந்ததால்தான் 2023ல் சீனாவின் ஹாங்சோவில் இரண்டு தங்கத்தையும் திரும்ப வாங்கியதற்கு மதிப்பு. பெண்கள் இறுதியில் சீன தைபேயை (தைவான் இந்தப் பெயரில்தான் ஆடுகிறது) 26-25 என்று வென்ற அந்தத் தங்கம்தான் அந்தப் போட்டியில் இந்தியாவின் நூறாவது பதக்கம்.

சென்னைக்கு இதில் புதிதாக ஒரு பங்கு உண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். நகரத்தின் நடுவிலிருந்து அப்புறப்படுத்திய குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம் கண்ணகி நகர். அந்த முகவரியைச் சொன்னாலே முகம் சுளிக்கிறவர்கள் இந்த நகரத்தில் இருந்தார்கள். இப்போது அந்த ஊர்ப் பெயரை அந்தப் பெண்ணின் பெயரோடு சேர்த்துச் சொல்கிறார்கள்.

இந்தியாவுக்கு ஆடாத தமிழர்கள் யாராவது ஜெயித்திருக்கிறார்களா?

இந்தக் கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

யாழ்ப்பாணத்தின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958ல் டோக்கியோவில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கினார். 2.03 மீட்டர். சிலோனுக்கு ஏசியன் கேம்ஸில் கிடைத்த முதல் தங்கமே அதுதான். 1962ல் வெள்ளியும் வாங்கினார்.

அப்புறம் 1966 பாங்காக். ஆண்கள் 100 மீட்டரில் முதலில் வந்தவர் மலேசியாவின் மணி ஜெகதீசன், அவரை ஒட்டி இரண்டாவதாக வந்தவர் சிங்கப்பூரின் கனகசபை குணாளன். ஆசியாவின் வேகமான இருவரும் அன்றைக்குத் தமிழ்ப் பெயர்க்காரர்கள். ஜெகதீசன் அந்தப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கினார். படிப்பால் மருத்துவர் என்பதால் 'பறக்கும் டாக்டர்' என்று மலேசியாவில் செல்லப் பெயர். அதே பாங்காக்கில் பெண்கள் 400 மீட்டரில் மலேசியாவின் எம். ராஜமணிக்குத் தங்கம். சென்னைப் பள்ளிகளின் வினாடி வினாவில் இந்தப் பெயர்கள் வருவதே இல்லை. வரவேண்டும்.

சாந்தியின் பதக்கத்தை ஏன் பறித்தார்கள்?

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன், செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். 2006ல் தோஹாவில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். அதன்பின் அவருக்குப் பாலினச் சோதனை நடத்தினார்கள். பெண்கள் பிரிவில் ஓடத் தகுதியில்லை என்று சொல்லிப் பதக்கத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

அவர் ஊக்கமருந்து எடுக்கவில்லை. எதையும் மறைக்கவில்லை. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்களோடு ஓடியவர். உடலின் இயல்பான அமைப்பைக் காரணம் காட்டி, ரகசியமாக இருந்திருக்க வேண்டிய மருத்துவ விஷயத்தை உலகமே படிக்கும்படி விட்டார்கள். அது கொடுமை, வேறு சொல் இல்லை. அப்போதைய முதல்வர் கருணாநிதி, அறிவித்த 15 லட்சம் ரூபாயை, பதக்கம் போன பிறகும் அவருக்கே கொடுத்தார். தமிழ்நாடு செய்த நல்ல காரியம் அது. ஆனால் அதற்குப் பிறகான வருடங்களில் சாந்தி மறுபடி செங்கல் சூளையில் தினக்கூலிக்குப் போனதும் இதே தமிழ்நாட்டில்தான். பிறகுதான் பயிற்சியாளர் வேலை நிரந்தரமானது.

ஒடிசாவின் தூத்தி சந்துக்கும் 2014ல் இதே மாதிரி ஒரு தடை வந்தது. அவருக்கு வழக்கு நடத்த ஆள் இருந்தார்கள். 2015ல் விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம் அந்தத் தடைக்குக் காரணமான விதியை நிறுத்திவைத்தது. 2018 ஏசியன் கேம்ஸில் தூத்தி 100, 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி வாங்கினார். சாந்திக்கு 2006ல் அப்படி யாரும் துணைக்கு நிற்கவில்லை. அவர் பதக்கம் இன்னும் அவரிடம் திரும்பவில்லை. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்களில் நானும் ஒருவன்.

சமீப காலத்தில் நம் ஊர் ஆட்கள் என்ன செய்திருக்கிறார்கள்?

முழுப் பட்டியல் நீளும், மனதில் நிற்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

டேபிள் டென்னிஸ் 1958லேயே ஏசியன் கேம்ஸில் சேர்ந்துவிட்டது. இந்தியாவுக்கு முதல் பதக்கம் கிடைக்க 2018 ஆகிவிட்டது. அந்த ஆண்கள் அணி வெண்கலத்தில் சரத் கமல், சத்தியன், அமல்ராஜ் என்று மூன்று தமிழ்நாட்டுக்காரர்கள். அதே போட்டியில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடிய லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவுக்கு முதலில் கிடைத்தது வெள்ளி. ஜெயித்த பஹ்ரைன் அணியில் ஒருவர் ஊக்கமருந்தில் சிக்க, பின்னால் அது தங்கமானது.

ஹாங்சோவில் கோவை வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் தடை ஓட்டத் தகுதிச் சுற்றில் 55.42 விநாடி ஓடினார். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் பி.டி. உஷா ஓடிய அதே நேரம், நூறில் ஒரு பங்குகூட மாறாமல். இறுதியில் வெண்கலம்.

சென்னையின் தனிச் சொத்து என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் ஸ்குவாஷைச் சொல்வேன். பூந்தமல்லி நெடுஞ்சாலை நேரு பூங்காவில் உள்ள ஸ்குவாஷ் அகாடமியைத் தாண்டித்தான் இந்தியாவின் பெரிய ஆட்டக்காரர்கள் பலரும் வந்திருக்கிறார்கள். 2023ல் ஆண்கள் அணி இறுதி பாகிஸ்தானோடு. 1-1 என்று நிற்கும்போது மூன்றாவது ஆட்டத்துக்கு இறங்கியவர் சென்னையின் அபய் சிங். எதிரே நூர் ஜமான். ஐந்தாவது கேமில் 8-10, இன்னும் ஒரே புள்ளியில் பாகிஸ்தானுக்குத் தங்கம். அங்கிருந்து நான்கு புள்ளிகளை வரிசையாக எடுத்து 12-10 என்று முடித்தார். அந்தக் கடைசிச் சில நிமிடங்களின் காணொளியைத் தேடிப் பாருங்கள். அதே போட்டியில் கலப்பு இரட்டையரில் ஹரிந்தர் பால் சிங்கோடு தீபிகா பள்ளிக்கல் தங்கம் வாங்கினார், இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயான பிறகு.

'ஹாங்சோ 2022' என்கிறார்கள், நடந்தது 2023ல். எது சரி?

இரண்டும். கொரோனாவால் ஒரு வருடம் தள்ளி, 2023 செப்டம்பர் 23 முதல் அக்டோபர் 8 வரை நடந்தது. பெயரை மாற்றவில்லை. இந்தியாவுக்கு 28 தங்கத்தோடு 107 பதக்கம், அதுவரை இல்லாத உச்சம்.

அந்த மகிழ்ச்சியில் ஒரு விஷயம் மறைந்துபோனது. அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த மூன்று வூஷு (சீனத் தற்காப்புக் கலை) வீராங்கனைகளைச் சீனா உள்ளே வரவிடவில்லை. அவர்கள் மாநிலத்தின் மீது சீனா உரிமை கொண்டாடுவதுதான் காரணம். இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது, விளையாட்டு அமைச்சர் பயணத்தை ரத்து செய்தார். போட்டி என்னவோ நடந்தது. 1962ல் விசா மறுத்த நாட்டை ஒலிம்பிக் கமிட்டி இடைநீக்கம் செய்தது. 2023ல் அப்படி எதுவும் நடக்கவில்லை. வருடக்கணக்கில் உழைத்துத் தகுதி பெற்ற மூன்று பெண்கள் ஊருக்குத் திரும்பினார்கள்.

எல்லாப் போட்டிகளிலும் கலந்துகொண்ட நாடுகள் எவை?

ஏழு: இந்தியா, இலங்கை, இந்தோனேசியா, ஜப்பான், பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து.

அடுத்து எங்கே? எப்போது பார்க்கலாம்?

20ஆவது போட்டிக்கான இடம் ஜப்பானின் ஐச்சி, நகோயா. தேதி 2026 செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை. 2030 தோஹாவுக்கு, 2034 ரியாத்துக்கு. நகோயா பட்டியலில் கபடி, ஸ்குவாஷ் இரண்டும் உண்டு. ஜப்பான் நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே இரவு எட்டு மணிக்கு நடக்கும் ஃபைனல் இங்கே மாலை நாலரைக்கே வந்துவிடும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு அது வசதிதான்.